சாய்ந்த மூக்கும் ஜோடிப் படமும்

தலைக்கும் அளவு உண்டு என்பது எனக்கு முதன்முதலில் உறைத்தது ஒரு ஹெல்மெட் கடை வாசலில். பாண்டி பஜார். கல்லூரியில் முதல் வருஷம். அண்ணன் தன் புது வண்டிக்கு ஹெல்மெட் வாங்கப் போனான். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நானும் ஒட்டிக்கொண்டேன். அவனுக்கு முதலில் மாட்டியதே சரியாக உட்கார்ந்துவிட்டது. அடுத்து நின்ற பெரியவருக்குத்தான் எதுவும் சேரவில்லை. கடையிலேயே பெரியது முன்னும் பின்னும் ஆடியது, காதோரம் மட்டும் இடித்தது. "சார், உங்களுக்கு நீளம் கரெக்டா கீது, அகலம்தான் ஜாஸ்தி" என்றார் கடைக்காரர். பெரியவர் ஏதோ வியாதியின் பெயரைக் கேட்டவர்போல் முகம் வாடிவிட்டார். நான் மட்டும் பஸ் ஏறும்வரை எதிரே வந்த ஒவ்வொரு தலையையும் நீளமா அகலமா என்று பார்த்துக்கொண்டே போனேன். அண்ணன், "ஏன்டி எல்லாரையும் முறைக்கிற?" என்றான்.

அந்த முறைப்புதான் என் உத்தியோகம் ஆனது. மானிடவியலில் முதுகலை, மருத்துவக் கல்லூரி உடற்கூறு மண்டபத்தில் கொஞ்ச காலம் எலும்புகளோடு பழக்கம், ஒரு தேர்வு, ஒரு நேர்காணல். அப்புறம் தடய மருத்துவ ஆய்வகம் ஒன்றில் எலும்புப் பிரிவு. ஐம்பதை எட்டியதும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஒரே நாற்காலியில் அதற்குமேல் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பிரிவில் இருக்கும் பிள்ளைகள் அடிக்கடி போன் செய்கிறார்கள். மண்டையோட்டை ஸ்கேன் செய்தால் கணினியே அளந்து கொடுத்துவிடுகிறது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அந்தக் கருவியை வாங்கச் சொல்லிக் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் போன மாதம் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், இங்க ஒரு கேஸ்ல மெஷின் மேட்ச் இல்லைன்னு சொல்லிடுச்சு. இல்லைன்னு முடிவானப்புறமும் நீங்க ஒரு கேஸைத் திறந்தீங்களாமே, எப்படி?" போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தியாகு சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பிரிவின் தலைவர். ஒல்லி, உயரம், எப்போதும் முழுக்கைச் சட்டை. மண்டையோடு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "வந்தவர்" என்பார். காவல்துறை ஆள் அட்டைப் பெட்டியை மேஜைமேல் வைத்ததும், "ஏம்மா, வந்தவருக்கு உட்கார இடம் குடு" என்று குரல் வரும். மணல் நிரப்பிய துணி வளையம் ஒன்று உண்டு. அதுதான் அந்த இடம். கண்குழியில் விரலை மாட்டித் தூக்கினால் அன்று முழுக்கப் பேசமாட்டார். இரண்டு கையாலும் அடியில் தாங்கி எடுக்க வேண்டும். ஈரமாக வந்தால் நிழலில் காயவைத்துக் காத்திருக்க வேண்டும். ஈர எலும்பு கொஞ்சம் உப்பியிருக்கும், அளவு பொய் சொல்லும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் விரிசல் விடும்.

காய்ந்தபின் அளவு. வளைந்த கால்களுள்ள அளவுகருவியான காலிப்பரின் ஒரு முனை புருவங்களுக்கு நடுவே, இன்னொன்று பின்மண்டையில் வெகுதூரம் துருத்தும் இடத்தில்: நீளம். பக்கவாட்டில் எங்கே அதிகமோ அங்கே: அகலம். மூக்குத் துவாரத்துக்கு, கண்குழிக்கு, தாடைக்கு நேர்க்கால் காலிப்பர். ஒருவர் அளந்து சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். எழுதுகிறவர் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. புருவத்தை உயர்த்தினால்கூட அளக்கிறவர் கை மாறிவிடுமாம். எல்லாம் முடிந்து, மறுநாள் முதலிலிருந்து. அதற்கடுத்த நாள் மறுபடியும். புதிதில் நான் மூன்று நாளும் ஒரே எண்களைச் சொல்லிப் பெருமையாக நின்றேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "மூணு நாளும் ஒரே நம்பர் வந்தா அளந்தது கை இல்லம்மா, ஞாபகம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அதைவிடக் கறாரான விதி ஒன்று உண்டு. அளந்து முடிக்கும்வரை கதை கேட்கக்கூடாது. எங்கே கிடைத்தது, யாரைத் தேடுகிறார்கள், ஆணா பெண்ணா, எதுவும். போலீஸ்காரர்களுக்கோ கதையை இறக்கிவைக்காமல் இருப்புக்கொள்ளாது. சார் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கிரிக்கெட் பேசி, வாசல்வரை கொண்டுபோய் விட்டுவருவார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. தலையை அளக்கும் இந்த வேலைக்கு ஒரு கெட்ட பூர்வீகம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் ஊர் ஊராகப் போய், சாதி சாதியாக நிறுத்திவைத்து மூக்கையும் மண்டையையும் அளந்தார்கள். யார் உயர்த்தி, யார் தாழ்த்தி, யாருக்குத் திருட்டுப் புத்தி என்றெல்லாம் அதிலிருந்து எழுதினார்கள். கல்லூரியில் அதைப் படித்தபோது இந்தப் பாடத்தையே விட்டுவிடலாமா என்று தோன்றியது. தியாகு சாரிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவங்க அளந்து ஆளை மறைச்சாங்க. நாம அளந்து ஆளைத் தேடறோம். காலிப்பர் ஒண்ணுதான், ஜாக்கிரதையா இரு" என்றார். ஜாக்கிரதை என்று அவர் சொன்னதன் பொருள் எனக்கு முழுக்க விளங்கியது மரியநாதன் வழக்கில்தான்.

பெருவெள்ளம் வந்து அடங்கிச் சில வருஷம் கழித்து ஒருநாள். அடையாறு முகத்துவாரத்தில் தூர்வாரும் இயந்திரம் சேற்றோடு எலும்புகளை அள்ளியிருக்கிறது. பெட்டியோடு வந்த கான்ஸ்டபிள் வாசலிலேயே ஆரம்பித்தார்: "மேடம், மண்ட கீது, தாடையும் கூடவே கீது. யாருன்னு கூட எங்களுக்கு ஒரு டவுட்டு..." சார் அவர் தோளில் கைபோட்டு டீக்கு அழைத்துப் போய்விட்டார்.

வந்தவரைக் காயவைத்தோம். மெல்லிய பிரஷ்ஷால் சேற்றைத் தட்டினோம். அளந்தோம். ஆண். வயதானவர், மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் தையல்கோடுகள் பெரும்பாலும் மூடியிருந்தன. மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. மூக்கின் பாலம் எப்போதோ உடைந்து கூடியிருந்தது. நம்மைப் பார்த்தபடி வைத்தால் மூக்கெலும்பு நமக்கு வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூன்று நாள் முடிந்ததும் போலீஸ் தந்திருந்த உறையைப் பிரித்துக் கதையைப் படித்தோம்.

மரியநாதன். பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில், கடற்கரைப் பக்கம், தலைமுறை தலைமுறையாகக் கோயில் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். ஞாபகம் தவறிப்போய்க்கொண்டிருந்தது. வெள்ளம் வடிந்து ஒரு வருஷம் இருக்கும், ஒரு மாலை மாதா கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவில்லை. மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டார். தேடிக்கொண்டிருந்தது ஒரே மகள், ஸ்டெல்லா, கணக்கு டீச்சர்.

மகள் இருக்கும்போது மண்டையோட்டோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும், ரத்தம் எடுத்து மரபணுவை ஒப்பிட்டால் முடிந்தது. போலீஸும் அதைத்தான் கேட்டிருக்கிறது. ஸ்டெல்லா டீச்சர் கையை நீட்டவில்லை. தன்னைக் கன்னியாஸ்திரிகளின் இல்லத்திலிருந்து அவர்கள் எடுத்து வளர்த்தார்கள் என்று அந்தக் காவல் நிலையத்தில், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. மரியநாதனுக்கு ரத்த உறவென்று யாரும் உயிரோடில்லை. அவர் காணாமல்போனபின் வீடு மாறியதில் அவருடைய சீப்பு, பிரஷ் எதுவும் மிஞ்சவில்லை. ஆக, மிஞ்சியது நாங்கள்தான்.

கல்லறையில் மனைவிக்குப் பக்கத்தில் தனக்கு இடம் வைத்திருந்தார் மரியநாதன். எலும்புகள் அவருடையவை என்று ஏற்கப்பட்டால் மகள் அங்கே அடக்கம் செய்யலாம். இல்லையென்றால் அடையாளம் தெரியாதவர் என்ற சீட்டோடு அவை அலமாரியில் இருக்கும். டீச்சர் பஸ் நிலையங்களிலும் முதியோர் இல்லங்களிலும் தொடர்ந்து தேடுவார்.

நாங்கள் செய்யவேண்டியது, புகைப்படத்தை மண்டையோட்டின்மேல் பொருத்திப் பார்ப்பது. படத்தில் முகம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதே கோணத்தில் மண்டையோட்டை ஒரு தாங்கியில் திருப்பி நிறுத்தி, கேமராவில் பிடித்து, திரையில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவோம். தோலுக்கும் சதைக்கும் எவ்வளவு கனம் என்று இடத்துக்கிடம் கணக்கு உண்டு. படத்தை மெல்லக் கரைத்தால் கன்னத்துக்கு அடியிலிருந்து எலும்பு மேலெழுந்து வரும். 

டீச்சர் கொடுத்த படம் அருமையான படம். முகம் ஏறக்குறைய நேராக, பல் தெரியச் சிரிப்பு. நெற்றி உட்கார்ந்தது. கண்கள் கண்குழிக்குள் இறங்கின. பல் இடைவெளி இடைவெளியின்மேல் விழுந்தது. தாடை விளிம்பு ஓடியது. மூக்கு மட்டும் சேரவில்லை. மண்டையோட்டில் நமக்கு வலப்பக்கம் சாய்ந்தது, படத்தில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கோணத்தை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். மூக்கு அசையவில்லை.

"முன்பல் இடைவெளி ஊர்ல எத்தனையோ பேருக்கு இருக்கும்" என்றார் சார். "ஒத்துப்போறதை எண்ணாதம்மா. ஒத்துப்போகாத ஒண்ணு போதும்." அதுதான் இந்த முறையின் சட்டம். எத்தனை பொருந்தினாலும் இவர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒன்று முரண்பட்டால் இவர் இல்லை என்று சொல்லிவிடலாம். உடைந்து கூடிய எலும்பு பக்கம் மாறாது. சார் அறிக்கையை எழுதச் சொன்னார். எழுதினேன்.

இல்லை என்று முடிவானால் தாள் காவல் நிலையத்துக்குப் போவதற்குமுன் வீட்டாரை அழைத்து நேரில் சொல்லிவிடுவது சாரின் வழக்கம். அவர்கள் ஸ்டேஷனில் நின்றுகொண்டு கேட்கக்கூடாது என்பார். ஸ்டெல்லா டீச்சர் வந்தார். நாற்பதுக்குள் வயது, காட்டன் புடவை, தோளில் திருத்தாத பரீட்சைத் தாள்கள் பிதுங்கும் பை. சார் உட்காரவைத்து, டீ கொடுத்து, நிதானமாகச் சொன்னார். திரையில் படம் இருந்தது, மண்டையோட்டைக் காட்டவில்லை.

டீச்சர் அழவில்லை. "அப்போ அப்பா எங்கயோ இருக்கலாம், இல்லையா சார்?" என்றார். சார் டீ டம்ளரை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

பேச்சை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நான்தான், மூக்கில் அடிபட்டது எப்படி என்று கேட்டேன். ஃபுட்பால் என்றார். எதிராளியின் முழங்கை. அப்பாவுக்கு அதில் பெருமையாம். அப்புறம் லேசாகச் சிரித்தார். "கடைசி ரெண்டு வருஷமா நான்தான் மேடம் அவருக்கு ஷேவ் பண்ணிவிடுவேன். மூக்கு சாஞ்ச பக்கம் மட்டும் ரேசர் உள்ள போகவே போகாது. இப்படி நுனியைப் புடிச்சுத் தூக்கி, குட்டிக் குட்டியா இழுக்கணும். ரெஃப்ரீ விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் குடுப்பாரு."

சொல்லும்போதே கைகள் அதைச் செய்தன. இடக்கை விரல்கள் காற்றில் ஒரு மூக்கு நுனியைப் பிடித்தன. வலக்கை ரேசரைப் பிடித்த வாக்கில் தன் வலப்பக்கமாகப் போய், ஓரத்தில் சின்னச் சின்னதாக இழுத்தது.

வலப்பக்கம்.

நான் திரையைப் பார்த்தேன். அங்கே மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. டீச்சரை மறுபடி செய்துகாட்டச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. மறுபடி வலப்பக்கம். சார் டீயைக் கீழே வைத்தார்.

"இந்தப் படம் எங்க எடுத்தது டீச்சர்?"

எடுத்ததில்லை, செய்தது. வெள்ளத்தில் கல்யாண ஆல்பம் கூழாகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. அம்மா வழி உறவினர் வீடுகளில் தேடி அம்மாவின் படம் ஒன்று, அப்பாவின் படம் ஒன்று வாங்கி, மயிலாப்பூர் ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்து ஜோடிப் படமாகச் சேர்த்து, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்தது அதிலிருந்து அப்பாவை மட்டும் வெட்டியது. கோட்டும் டையும்கூட ஸ்டூடியோவின் உபயம். ஒருமுறைகூடக் கோட்டுப் போடாதவர். சட்டைப் பையோ பொத்தானோ பக்கம் மாறியிருந்தால் எங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் கோட்டு சரியான பக்கத்தில்தான் பூட்டியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்த தலை மட்டும்?

"அப்பாவுக்கு அந்தப் படம்தான் ரொம்பப் புடிக்கும்" என்றார் டீச்சர். "மத்த போட்டோல எல்லாம் யாரோ மாதிரி இருக்கேன், இதுலதான் நான் நானா இருக்கேன்பாரு."

நம் முகத்தை நாம் தினமும் பார்ப்பது கண்ணாடியில் மட்டும்தான். இடமும் வலமும் மாறிய முகம்தான் நமக்கு நம் முகம்.

அந்த நிமிஷமே ஸ்டூடியோவுக்கு ஓடத் துடித்தேன். டீச்சரை அனுப்பிவிட்டுச் சார் என்னை உட்காரச் சொன்னார். "ஏம்மா, அந்தப் பொண்ணு கையைப் பார்த்ததும் எனக்கும் இது அவரா இருக்கணும்னு ஆசை வந்துடுச்சு. உனக்கு என்னைவிட அதிகமா வந்திருக்கும். இனிமே நீயும் நானும் இதைத் தொடக்கூடாது." நான் வாதாடினேன். ஒரு பொத்தானைத் தட்டினால் படம் திரும்பிவிடும், பார்த்தாவது விடலாமே என்றேன். "நீயா திருப்பிப் பொருத்தினா அது பொருத்தம் இல்ல, தையல்" என்றார்.

ஸ்டூடியோவுக்கு மட்டும் போகலாம் என்று அனுமதி. கான்ஸ்டபிளும் கூட வந்தார். மாட வீதியை ஒட்டிய சந்து. ஸ்டூடியோக்காரருக்கு வாயும் மவுஸும் ஒரே வேகம். முகத்தைத் திருப்புவீர்களா என்று கேட்டதும் அதிசயமாகப் பார்த்தார். "பின்ன, மேடம்? ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கினு இருந்தா சண்ட போட்டுக்கினு கீற மாதிரி இருக்காதா? ஜோடின்னா ஒருத்தர ஒருத்தர் சாஞ்சாப்ல இருக்கணும். யாரைத் திருப்புனா நல்லா இருக்குதோ அவங்களத் திருப்புவோம். இதுவரைக்கும் ஒருத்தரும் கம்ப்ளைண்ட் குடுத்ததில்ல."

கான்ஸ்டபிள், "செத்தவங்க எப்டிய்யா கம்ப்ளைண்ட் குடுப்பாங்க?" என்றார்.

மூலப் படத்தை ஸ்கேன் செய்த கோப்பு அவர் கணினியிலேயே இருந்தது. கல்யாண வீடு ஒன்றில், பந்தி வாசலில் நிற்கும் மரியநாதன். தோளுக்குப் பின்னால் சுவரில் ஒரு போர்டு, எழுத்துகள் ஒழுங்காகப் படிக்க வந்தன. மூக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டேன். பார்க்காமலிருக்க நான் தியாகு சார் இல்லை. கான்ஸ்டபிளும் பார்த்தார். வெளியே வந்ததும், "இன்னா மேடம், அவருதானா?" என்றார். தெரியாது என்றேன். தெரியாதுதான்.

பக்கத்துப் பிரிவில் முபாரக் என்று ஒரு நண்பர். இந்த வழக்கு பற்றி ஒரு சொல்லும் கேட்டிராதவர். சார் அவரிடம் ஐந்து பேர் முகங்களை எண் போட்டுக் கொடுத்தார். வயதும் தோற்றமும் ஏறக்குறைய ஒன்றான ஐந்து ஆண்கள். அதில் ஒருவர் மரியநாதன், பின்னணியை வெட்டிய மூலப் படம். "ஒவ்வொருத்தரையும் வந்தவர்மேல ஏத்திப் பாரு. யாரை விலக்கலாம், ஏன், அதை மட்டும் எழுது." எங்கள் இருவரையும் அந்த அறைப்பக்கம் வரவேண்டாம் என்று சார் தனக்கும் சேர்த்தே உத்தரவு போட்டுக்கொண்டார். எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. வராந்தாவில் நடந்தேன், டீ குடித்தேன், திரும்ப நடந்தேன். சார் தன் மேஜையில் ஏதோ பழைய கோப்பை விரித்துவைத்திருந்தார், பக்கமே புரளவில்லை.

முபாரக் நான்கு பேரைக் காரணத்தோடு விலக்கியிருந்தார். மரியநாதனை விலக்க அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நெற்றி, கண், பல் இடைவெளி, தாடை. மூக்குக்கு நேராக மட்டும் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்: பழைய முறிவின் சாய்வு முழுதும் பொருந்துகிறது.

அப்போதும் சார், "இவரே" என்று எழுத விடவில்லை. இவர் அல்ல என்று கருத எந்தக் காரணமும் இல்லை. வயது, பாலினம், பற்கள், பழைய முறிவு, கிடைத்த இடம் எல்லாம் இணங்குகின்றன. முடிவு எடுக்கவேண்டியவர்கள் எடுக்கட்டும். எடுத்தார்கள். எலும்புகளை மகளிடம் ஒப்படைக்க உத்தரவு வந்தது.

ஸ்டெல்லா டீச்சருக்குச் செய்தி சொன்ன அன்றுதான் அவர் அழுதார். முதல் தடவை இல்லை என்று சொன்னபோது ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிட்டோம். இரண்டாம் தடவை அதைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். அந்த அழுகையை நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல செய்தி கொண்டுபோகிறேன் என்றுதான் படியேறியிருந்தேன். சார் எதிர்பார்த்திருக்கிறார், தண்ணீரும் ஒரு சுத்தமான துண்டும் முன்பே எடுத்து வைத்திருந்தார்.

அடக்கத்துக்கு நானும் போனேன். மனைவியின் கல்லைத் திறந்து, சின்னப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் இறக்கினார்கள். ஜெபம் முடிந்ததும் சாமியார் உறவினர்களை மண் போடச் சொன்னார். டீச்சர் தயங்கவில்லை. முதல் கை மண் அவருடையது.

அதற்கப்புறம் எந்தப் படம் வந்தாலும் எங்கள் முதல் கேள்வி, இது யார் கைபட்டது என்பதுதான். இன்று அது இன்னும் பெரிய கேள்வி. செல்போனின் முன்பக்கக் கேமரா சிலதில் முகத்தைத் திருப்பிச் சேமிக்கிறது, சிலதில் இல்லை. தோலை வழித்து, தாடையைக் குறுக்கி, மூக்கை நிமிர்த்திக் கொடுக்கிறது. காணாமல்போனவர்களின் வீட்டார் நல்ல படமாகத் தேடித்தான் கொண்டுவருகிறார்கள். நல்ல படம்தான் எங்களுக்கு உதவாத படம். போன் செய்த பெண்ணுக்கு என் பதில் இதுதான்: மெஷின் சொன்னதைச் சந்தேகப்படாதே, மெஷினுக்கு என்ன கொடுத்தாய் என்று போய்ப் பார். பார்த்தபின் நீ தொடாதே, முபாரக் மாதிரி ஒருவரிடம் கொடு.

ஓய்வுக்கு அப்புறம் நான் சும்மா இல்லை. ஸ்டெல்லா டீச்சரும் நானும் சேர்ந்து ஒன்றைத் தொடங்குகிறோம். அவருடைய கோயில் பங்கில், ஞாபகம் தவறும் பெரியவர்கள் இருக்கும் வீடுகளிலிருந்து ஆரம்பம். வீட்டுக்கு ஒரு பெரியவர், ஆளுக்கு மூன்று படங்கள்: நேராக, இடம், வலம். பின்பக்கக் கேமரா. பல் தெரிய. அழகு செய்யாமல், திருப்பாமல். தோளுக்குப் பின்னால் ஏதாவது எழுத்து இருக்க வேண்டும். கூடவே, சம்மதித்தால், முகத்தின் சில அளவுகள். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் முதல் முயற்சி.

எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. எதற்கு இந்தப் படம் என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதும் முடிவாகவில்லை. வழி தவறினால் கண்டுபிடிக்க என்று சொல்லிவிடலாம், அது பொய் இல்லையே என்கிறார் டீச்சர். முதல் ஆளாக யாரை உட்காரவைப்பது என்பதுதான் என் கவலை. முதல் ஆள் தயங்கினால் கூட்டம் கலைந்துவிடும்.

நேற்று போனில் அதைச் சொன்னேன்.  டீச்சர் சொன்னார்: "என்னை முதல்ல எடுங்க மேடம். நான் காணாமப் போனா, ஒப்பிட்டுப் பார்க்க யாரோட ரத்தமும் கிடைக்காது."